காப்பகத்தில் அடி, கடி, அடம்: புதிதாகச் சேர்ந்தவருக்கு முழுமையான வழிகாட்டி

குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்பவர்கள் முதலில் கேட்பது, "ஒருவன் இன்னொருவனை அடித்தால் நான் என்ன சொல்ல வேண்டும்?" என்பதுதான். அதற்கான பதில் ஏழாவது படியில் வருகிறது. முந்தைய ஆறு படிகளும் அடி விழாமல் பார்த்துக்கொள்வதற்கானவை. அவற்றைத் தாண்டி நேரே ஏழாவதுக்குப் போகிறவர்கள், நாள் முழுவதும் சண்டை விலக்கிக் களைத்துப்போய், மாலையில் "இந்தப் பையன் சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ளவர்கள் கூட்டமாக இருக்கும் அறையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் வேண்டியவை

சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்று, பென்சில் ஒன்று. கைப்பேசியில் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம். திரையைப் பார்க்கக் குனிந்த தலை நிமிர்வதற்குள் யாராவது அலமாரியில் பாதி ஏறியிருப்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் வீட்டாரிடம் கேட்டு எழுதிய அரைப் பக்கம். எப்போது தூங்குவாள், எதைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், வீட்டில் என்ன மொழி, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன சொல், காது வலி, மலச்சிக்கல், ஒவ்வாமை போன்ற தொல்லை உண்டா. நாம் சொன்னது புரியாமல் நிற்கும் குழந்தையைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடுவது மிக எளிது.

மூன்றாவது, அறையில் வேலை செய்யும் எல்லாரும் ஒப்புக்கொண்ட தடைப் பட்டியல். அடிப்பது, கிள்ளுவது, உலுக்குவது, தனியறையில் அடைப்பது, சாப்பாட்டையோ தூக்கத்தையோ கழிப்பறையையோ மறுப்பது, மற்றவர்கள் முன்னால் கேலி செய்வது ஆகிய எதற்கும் இடமில்லை. பராமரிப்பவரின் பொறுப்பில் இருக்கும்போது குழந்தை எவ்வித வன்முறைக்கும் ஆளாகாமல் காக்கப்பட வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு. நடைமுறைக் காரணமும் உண்டு. அடிப்பதை நிறுத்துவதற்காக நாமே அடித்தால், பெரிய உருவம் சின்ன உருவத்தை அடிக்கலாம் என்பதுதான் போய்ச் சேரும்.

1. எந்த வயதில் எது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்றரை வயதில் கடிப்பது கெட்ட புத்தி அல்ல. பல் முளைக்கும் வலி, பேச்சு வராத ஆத்திரம், இடநெருக்கடி, சில நேரம் வெறும் ஆர்வம். சொல் வரத் தொடங்கியதும் பெரும்பாலான குழந்தைகளிடம் இது தானாகக் குறையும். ஏறத்தாழ எட்டு மாதத்தில் தொடங்கி, சிலரிடம் இரண்டு வயதைத் தாண்டியும், அம்மா கண்ணில் படாமல் போனதும் அலறுவதும் வளர்ச்சியின் பகுதிதான்.

இரண்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். அவர்களிடம் "பங்கு போட்டு விளையாடுங்கள்" என்று சொல்வது வீண். கொடுத்த பொருள் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அந்த வயதில் இன்னும் உறுதிப்படவில்லை. மூன்று வயதில், பெரியவர் பக்கத்தில் இருந்தால் சற்றுநேரம் காத்திருப்பார்கள். நான்கு, ஐந்து வயதில் விதியை ஒப்பிப்பார்கள். கோபம் வந்தால் அதே விதியை மீறுவார்கள். இதில் கள்ளத்தனம் இல்லை. தன்னைத் தானே கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டினால் வரும் தவறு ஒன்றுதான்: குழந்தையால் இன்னும் முடியாததை, வேண்டுமென்றே செய்ய மறுப்பதாக எடுத்துக்கொள்வது.

2. ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

உங்களைத் திணறவைக்கும் ஒரு குழந்தையையும் ஒரு நடத்தையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. நேரமும் இடமும் கட்டாயம்.

புதியவர்களின் குறிப்பேட்டில் முதல் நாள் இப்படி இருக்கும்: "இன்றும் முரட்டுத்தனமாக நடந்துகொண்டான்." இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதப் பழகிய பிறகு அதே கை எழுதுவது இப்படி:

"11.40. கை கழுவும் வரிசை. அவனுக்கு முன்னால் ஆறு பேர். பின்னால் நின்றவள் இரண்டு முறை அவன் முதுகில் இடித்தாள். திரும்பி அவள் தோளில் கடித்தான். அவனை வரிசையிலிருந்து தூக்கிப்போய், முதலில் கை கழுவவைத்து, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன்."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். ஆறு பேருக்குப் பின்னால் நின்றவன் கடித்ததும் முதல் ஆளாகிவிட்டான். நாளைக்கும் கடிப்பான்; கடிப்பதற்கு அவனுக்கு நல்ல காரணம் இருக்கிறது. மூன்றாவது பத்தியை எழுதாமல் விடுகிறவர்களே அதிகம். அங்கே இருப்பது நாம் செய்த காரியம் என்பதால் அது கண்ணில் படுவதில்லை.

வாரக் கடைசியில் பக்கங்களை அடுக்கிவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே மூலை, ஒரே துணை என்று ஏதாவது திரும்பத் திரும்ப வரும். எல்லாக் கடியும் 11.30-க்கு மேல் என்றால் பசியும் வரிசையும்தான் உங்கள் பிரச்சினை. குழந்தைக்குப் புத்தி சொல்வதை ஒத்திவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

3. அறையை மாற்றுங்கள்

குழந்தையை மாற்றுவதைவிட அலமாரியை நகர்த்துவது எளிது. அதனால்தான் இது முன்னால் வருகிறது.

தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையைப் பாருங்கள். சுவர் முதல் சுவர் வரை நீண்ட வெற்றிடம் இருந்தால் அது ஓடச் சொல்லி அழைக்கிறது. இடையில் தாழ்வான அலமாரி வையுங்கள். நீங்கள் நின்றால் அதற்கு மேலாக எல்லாரும் தெரிய வேண்டும். கட்டைகள் அடுக்கும் இடம் நடைவழியில் இருந்தால் போகிற வருகிற கால் எல்லாம் கோபுரத்தைத் தட்டும். அதை மூலைக்குத் தள்ளுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் அறையில், எல்லாரும் விரும்பும் பொம்மை ஒரே மாதிரி இரண்டு மூன்று இருக்கட்டும். பத்து வகை வண்டி தேவையில்லை, ஒரே சிவப்பு வண்டி மூன்று போதும். ஒருவன் கையில் இருப்பதுதான் இன்னொருவனுக்கு வேண்டும்.

கூட்டம் பிடிக்காதபோது ஒதுங்க ஓர் இடம் வேண்டும்: பாய், இரண்டு தலையணை, சில படப் புத்தகங்கள். குழந்தை தானாகப் போய் உட்காரும் இடம் அது. கோபத்தில் ஒருமுறை "போய் அங்கே உட்கார்" என்று அனுப்பிவிட்டால் அது தண்டனை மூலையாகிவிடும், பிறகு யாரும் தானாகப் போக மாட்டார்கள்.

அறைச் சாமான்களில் நீங்களும் சேர்த்தி. சுவரில் முதுகு இருக்கும்படி, அறையைப் பார்த்தபடி இருங்கள். இரண்டு பெரியவர்கள் ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் அறையின் மறுபாதி காவலற்றது. கடியில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கும் என்பது என் அனுபவம்.

4. காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள்

விளையாட்டிலிருந்து கை கழுவ, கை கழுவியபின் சாப்பிட, சாப்பிட்டபின் தூங்க என்று மாறும் நேரங்களே வம்பு வளரும் நேரங்கள். கையில் வேலை இல்லாமல், உடம்பு உரச, பசியோடு நிற்கும் கூட்டத்தில் பெரியவர்களே சண்டை போடுவார்கள்.

எல்லாரையும் ஒன்றாக எழுப்பாதீர்கள். மூன்று மூன்று பேராக அனுப்புங்கள், மற்றவர்கள் விளையாடிக்கொண்டிருக்கட்டும். காத்திருக்க நேர்ந்தால் பாட்டோ கைவிளையாட்டோ நடக்கட்டும். மேலே சொன்ன பையனை வரிசைக்கே விடாமல், தட்டு எடுத்து வைக்கும் உதவியாளனாக்கி முதல் குழுவில் அனுப்பிவிடுங்கள். இது கடித்ததற்குப் பரிசு ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. கடித்த பிறகு கொடுத்தால்தான் பரிசு; கடிப்பதற்கு முன் கொடுத்தால் ஏற்பாடு.

மாறப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். "இன்னும் ஐந்து நிமிடம்" என்பது மூன்று வயதுக்குப் பொருளற்ற சொல். "இன்னும் இரண்டு தடவை சறுக்கிவிட்டு உள்ளே போகிறோம்" என்றால் புரியும். இரண்டு தடவை முடிந்ததும் உண்மையிலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அந்த அறிவிப்பை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள்.

உடம்பின் கணக்கையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதுக்காரர்களுக்குப் பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். நாளில் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டுண்டு இருக்கக் கூடாது. வெளியே விடாத நாளில் அறை ஏன் கொந்தளிக்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

5. விதியைக் குறையுங்கள், கட்டளையைச் சுருக்குங்கள்

மூன்று விதி போதும். யாரையும் வலிக்கச் செய்ய மாட்டோம்; பொருளைப் பத்திரமாகக் கையாளுவோம்; பெரியவர் கண்ணில் படும் இடத்தில் இருப்போம். சுவரில் பதினைந்து விதி ஒட்டியிருக்கும் அறைகளில் அவற்றைப் படிப்பவர்கள் பெற்றோர் மட்டுமே.

சொல்லும் முறைக்கும் வரிசை உண்டு. பக்கத்தில் போங்கள், முட்டி போட்டு உட்காருங்கள், பெயர் சொல்லுங்கள், ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு, கையில் இருப்பதை விட்டுவிட்டு, உடம்பைத் திருப்பச் சின்னக் குழந்தைக்கு அவ்வளவு நேரம் ஆகும். இடையில் இரண்டாம் தரம் சொன்னால் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்றால் பிறகு என்ன செய்வது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. "என் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்றால் வேலை முடிந்தது.

கட்டாயமான காரியத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "தூங்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்பது நியாயமான பதில்தான். தேர்வு கொடுக்க விரும்பினால் இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும்: "கரடியோடு தூங்குகிறாயா, முயலோடா?"

பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுகிறவர், "உன்னை விட்டுவிட்டு அம்மா போய்விடுவாள்" ஆகியவற்றை வாயிலேயே கொண்டுவர வேண்டாம். அந்த நேரத்துக்கு அடங்குவாள், தூக்கத்தில் அலறுவாள். காணாமல்போனால் உதவி கேட்க வேண்டிய ஆளைக் கண்டே ஓடி ஒளிவாள்.

6. சரியாகச் செய்யும்போது பார்த்துச் சொல்லுங்கள்

"சமர்த்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அவள் முடிக்கும்வரை காத்திருந்தாயே, பார்த்தேன்" என்பது அதிகம் வேலை செய்யும். எதை மறுபடி செய்ய வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிகிறது. செய்த உடனேயே சொல்லுங்கள், மாலை வரை வைத்திருக்காதீர்கள். நட்சத்திரப் பட்டியல், ஸ்டிக்கர் எல்லாம் எனக்கு அவ்வளவாக ஒப்பில்லை. ஸ்டிக்கர் தீர்ந்த நாளில் நல்ல குணமும் தீர்ந்துவிடுகிறது.

7. அடி விழுந்துவிட்டால்

இப்போது வரிசை நொடிக்கணக்கில்.

முதலில் உடம்பை நிறுத்துங்கள். அறையின் மறுகோடியிலிருந்து கத்துவது பயனற்றது. இருவருக்கும் நடுவில் போய், அடிக்கும் கையை இறுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். கடித்துக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், பல் கிழித்துவிடும். தலையைத் தாங்கி, கடிபட்ட இடத்தைக் கடித்தவனின் வாய்ப்பக்கமாகவே மெல்ல அழுத்தினால் பிடி தளரும்.

இரண்டாவது, வலிபட்ட குழந்தையிடம் போங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடித்தவன் மேல் முதல் பார்வையும் முதல் பேச்சும் விழுந்தால், அறையிலேயே அதிக கவனம் கிடைப்பது அடிப்பவனுக்கு என்றாகிவிடும். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், துணி சுற்றிய குளிர் ஒத்தடம் கொடுங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் பெற்றோருக்கு உடனே சொல்லி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, அடித்தவனுக்கு ஒரு வாக்கியம். "கடித்தால் வலிக்கும். கடிக்க விடமாட்டேன்." குரல் தாழ்ந்து, முகம் உறுதியாக. அதற்குமேல் பேச்சு வேண்டாம். கொந்தளித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நீங்கள் சொல்லும் நீதிக்கதை வெறும் இரைச்சல்.

நான்காவது, அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள். மூச்சு சீராகி, கண் உங்கள் முகத்தைத் தேடும். அப்போதுதான் ஐந்தாவது: அவனிடம் இல்லாத சொல்லைக் கொடுங்கள். "அவள் இடித்தாள், உனக்குக் கோபம் வந்தது. 'தள்ளி நில்' என்று சொல்லலாம். கையை இப்படி நீட்டிக் காட்டலாம்." ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். பேச்சு வராத குழந்தைக்குக் கைச்சைகையே போதும்.

கடைசியாக ஈடுசெய்தல். ஒத்தடத் துணியைக் கொண்டுவந்து தரட்டும், இடித்த கோபுரத்தைச் சேர்ந்து கட்டட்டும். "மன்னிப்புக் கேள்" என்று கழுத்தைப் பிடிக்க வேண்டாம். அப்படிக் கற்றவர்கள் அடித்துவிட்டு, "ஸாரி" சொல்லிவிட்டு, மறுபடி அடிப்பதைப் பார்க்கலாம்.

"ஏன் கடித்தாய்?" என்று விசாரிப்பது அடுத்த பொதுத் தவறு. இரண்டு வயதுக்காரனுக்குத் தெரியாது. நான்கு வயதுக்காரி உங்களுக்குப் பிடித்த பதிலை யோசித்துச் சொல்வாள். வலி எப்படி இருக்கும் என்று காட்டத் திருப்பிக் கடிக்கச் சொல்லும் ஆலோசனையும் எங்கிருந்தாவது வரும். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

8. தரையில் புரண்டு அழுதால்

முதலில் சுற்றிலும் கூர்மையானதை அகற்றுங்கள். பிறகு பசி, தூக்கம், நனைந்த உடை, காய்ச்சல் உண்டா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் அதைக் கவனிப்பது செல்லம் கொடுப்பதாகாது.

எதுவும் இல்லை, கிடைக்காத ஒன்றுக்கான அழுகை என்றால், பக்கத்தில் உட்காருங்கள். "வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இப்போது இல்லை. நான் இங்கேயே இருக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். விட்டுவிட்டுப் போனால் அழுகையோடு பயமும் சேரும்.

கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மூன்று நாள் மறுத்து, நான்காம் நாள் சலித்துப்போய்க் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று அது சொல்லித்தருகிறது. உறுதியாக நிற்கத் தொடங்கியதும் முதல் சில நாள் அழுகை கூடும். முறை தோற்றுவிட்டது என்று அப்போதுதான் பலர் கைவிடுகிறார்கள். பழைய வழி இன்னும் பலிக்கிறதா என்று குழந்தை ஒருமுறை பலமாகத் தட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

அடங்கிய பிறகு தண்ணீர், விரும்பினால் மடி, பிறகு விளையாட்டு. நடந்ததை மறுபடி கிளற வேண்டாம்.

9. பெற்றோரிடம் பேசுங்கள்

வாசலில், மற்ற பெற்றோர் காத்திருக்க, குழந்தை கேட்டுக்கொண்டிருக்க, "இன்றைக்கும் கடித்தான்" என்று சொல்லாதீர்கள். அம்மாவின் முகம் சுருங்குவதைக் குழந்தை பார்க்கிறான். வீட்டுக்குப் போனதும் அடியும் விழக்கூடும்.

தனியாக, குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "சாப்பாட்டுக்கு முன் வரிசையில் நிற்கும்போது சிரமப்படுகிறான். முதல் குழுவில் அனுப்பிப் பார்க்கிறோம். வீட்டில் பசி நேரத்தில் எப்படி இருக்கிறான்?" நடந்தது, நாம் செய்வது, அவர்களிடம் ஒரு கேள்வி. இந்த மூன்றும் இருந்தால் பேச்சு குற்றச்சாட்டாகாது.

கடிபட்ட குழந்தையின் பெற்றோர் "யார் கடித்தது?" என்று கேட்பார்கள். பெயர் சொல்லக் கூடாது. காயத்துக்கு என்ன செய்தோம், இனி நடக்காமலிருக்க என்ன மாற்றுகிறோம் என்பதைச் சொல்லுங்கள். கோபப்படுவார்கள், அந்தக் கோபம் நியாயமானதும்கூட. அதற்காகப் பெயரைக் கொடுத்தால் நாளை காலை வாசலில் இரண்டு குடும்பங்களின் சண்டையை விலக்க வேண்டியிருக்கும்.

10. மூன்று வாரம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்

ஒரே நேரத்தில் நான்கைந்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒரு மாற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். நாளுக்கு நான்கு தடவை கடித்தவன் ஒரு தடவைக்கு வந்திருந்தால் வழி சரி, தொடருங்கள். எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் இரண்டாவது படிக்குத் திரும்பி, மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். காரணத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

சிலவற்றுக்கு மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, வந்த பேச்சு நின்றுபோன குழந்தை, தன் தலையை மோதியோ கையைக் கடித்தோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தை: பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனை முதலில் வரட்டும்.

அமைதியாக இருந்த குழந்தை திடீரென்று மாறினால், உடை மாற்றும்போது மிரண்டால், விளக்கமில்லாத காயம் தெரிந்தால், அது நடத்தைப் பிரச்சினை என்ற கணக்கிலேயே வராது. துருவித் துருவிக் கேட்காதீர்கள், வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். குழந்தை தானாகச் சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கொடுங்கள்.